முதலில் சிப்பாயை எண்ணுங்கள்

சதுரங்கக் காய் வடிவில் வரும் ரோபோ பொம்மைகளைச் சேர்க்கக் கிளம்புகிறவர்களின் கண் ராஜாவின் மேல்தான் போகும். பெட்டி அட்டையில் நிற்பதும் அது, விலை ஏறுவதும் அதற்கு. ஆனால் ஒரு தொகுப்பை வாங்கலாமா, எந்த வழியில் வாங்கலாம் என்று முடிவு செய்யச் சிப்பாயைத்தான் பார்க்க வேண்டும். பலகையில் நிற்கும் 32 காய்களில் 16 சிப்பாய்கள். மீதியெல்லாம் அமைந்து, சிப்பாய் அமையாமல் போன தொகுப்புகள்தான் அலமாரிகளில் அரைகுறையாக நிற்கின்றன.

இந்தப் பொம்மைகளின் தாய்வீடு ஜப்பான். அங்கே சிறு உருவங்களை மூடிய பெட்டியில் விற்பது பழைய வழக்கம்; உள்ளே எது இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். 1999இல் வந்த 'சோக்கோ எக்' சாக்லேட் முட்டைக்குள் கையோடோ நிறுவனம் செய்த நுணுக்கமான விலங்குருவங்கள் இருந்தன. பெரியவர்களும் பெட்டி பெட்டியாக வாங்கத் தொடங்கியது அப்போதுதான். அந்த வழியில் வந்ததே மெகாஹவுஸ் நிறுவனத்தின் 'செஸ் பீஸ் கலெக்ஷன்'. 'கன்டம்' ரோபோக்களும் 'ஒன் பீஸ்' பாத்திரங்களும் அதில் காய்களாயின.

மூடிய பெட்டி வாங்கும்முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 6 வகைக் காய், இரண்டு பக்கத்துக்கு 12. எல்லா வகையும் சம அளவில் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால், வகைக்கு ஒன்று என்று 12ஐயும் சேர்க்கச் சராசரியாக 37 பெட்டிகள் பிரிக்க வேண்டும். ஒரே பக்கத்தின் 8 சிப்பாய்கள் மட்டும் சேர, சராசரியாக 96 பெட்டிகள்! அதற்குள் வீட்டில் வேண்டாத ராணிகள் குவிந்திருக்கும். சிப்பாயைக் கூடுதலாகப் போட்டுக் கலக்கும் தொகுப்பென்றால் இந்த எண்ணிக்கை குறையும். அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு முழு அட்டைப்பெட்டியில் எந்தக் காய் எத்தனை? பதில் கிடைத்தால் அட்டைப்பெட்டியாகவே வாங்கலாம். கிடைக்காவிட்டால், மூடிய பெட்டியை அலமாரிக்காக வாங்குகிறோம், ஆட்டத்துக்காக அல்ல என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். பிரிக்கும் நொடியின் படபடப்புக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் கணக்கு பேசிப் பயனில்லை.

எந்தக் கதையின் ரோபோ என்பதையும் சிப்பாயை வைத்தே தேர்ந்தெடுங்கள். 1979இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கன்டம்' கதையில் ஸாக்கு என்பது தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்து போர்முனைக்கு அனுப்பப்படும் இயந்திரம். எட்டு ஸாக்குகள் முன்வரிசையில் நின்றால் அது கதைக்கே பொருத்தம். 1984இல் தொடங்கிய 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு ரோபோவுக்கும் தனிப் பெயர், தனிக் குணம். காராக மாறும் பம்பிள்பீக்கள் எட்டு வரிசை கட்டினால் கார் ஷோரூம் முற்றம் போல இருக்கும். எட்டு வேறு வேறு ரோபோக்களைச் சிப்பாயாக்கினாலோ எது சிப்பாய், எது மந்திரி என்று ஆட்டத்தின் நடுவே தடுமாறுவோம். என் வாக்கு 'கன்டம்' பக்கம்தான்.

ஆடுவதற்கென்றே வாங்குகிறவர்களுக்கு முழுத் தொகுப்பாக ஒரே பெட்டியில் வருவதே நல்லது. அப்போதும் அளவைக் கவனியுங்கள். போட்டிக் காய்களுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே சொல்லும் உயரம் ராஜாவுக்கு 9.5 சென்டிமீட்டர், சிப்பாய்க்கு 5. கட்டத்தின் பக்கம் சிப்பாயின் அடிவிட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதாவது ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய்கள் அடங்க வேண்டும். ரோபோ காய்கள் இதில்தான் பெரும்பாலும் தோற்கின்றன. பீடம் அடங்கும், நீட்டிய துப்பாக்கியும் விரித்த சிறகும் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். நிறமும் ஒரு சிக்கல். உடல் முழுக்கப் பல வண்ணம் பூசி, பீடத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக விட்டால் எதிராளியின் காய் எது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே நிறத்தில் வார்த்த பதிப்பு அட்டைப் படத்தில் சோபிக்காது. பலகையில் அதுதான் தெளிவு.

'லிமிடெட் எடிஷன்' என்ற சொல்லைக் கண்டதும் பணப்பையைத் திறக்க வேண்டாம். எண்ணிக்கையைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு விற்பது ஒரு வகை. குறிப்பிட்ட நாள்வரை முன்பதிவு வாங்கி, வந்த ஆர்டர் அத்தனையும் செய்து கொடுப்பது இன்னொரு வகை. பொம்மை நிறுவனமான பண்டாயின் 'பிரீமியம் பண்டாய்' விற்பனை பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவதில் வரம்பு நாளுக்குத்தானே தவிர எண்ணிக்கைக்கு இல்லை. அதை அரிய பொருள் என்று இரட்டை விலை சொன்னால் நகர்ந்துவிடலாம்.

உண்மையிலேயே அரிது வேண்டுமென்றால் 'கராஜ் கிட்' எனப்படும் கைவார்ப்பு உருவங்களின் பக்கம் போக வேண்டும். ஜப்பானின் சிபாவில் உள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் 'வொண்டர் ஃபெஸ்டிவல்' சந்தையில், தனிமனிதச் சிற்பிகள் தாங்களே ரெசினில் வார்த்த உருவங்களை விற்பார்கள். புகழ்பெற்ற பாத்திரங்களின் உரிமையாளர்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் விற்பனை அனுமதி தருவது அங்குள்ள ஏற்பாடு. சிலிக்கான் அச்சு சில பத்து வார்ப்புகளுக்கு மேல் தாங்காது என்பதால் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும். ஆனால் கையில் கிடைப்பது வண்ணமில்லாத துண்டுகள். சோப்பு நீரில் கழுவி, முகக்கவசம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். ராஜா ஒன்றுக்கு இதைச் செய்யலாம். 16 சிப்பாய்களுக்கும் செய்யும் பொறுமை இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கிட்களைத் திருட்டுத்தனமாக அச்செடுத்து விற்கிறவர்களும் உண்டு. வார்ப்பிலிருந்து மறுபடி எடுக்கும் வார்ப்பு கொஞ்சம் சுருங்கும், விளிம்புகள் மழுங்கும். அசலின் அளவு தெரிந்தால் காலிப்பர் வைத்துப் பார்த்தாலே பிடிபடும்.

பாக்கி இருப்பது பழைய பொருள் சந்தை. அரைகுறைத் தொகுப்பை முடிக்க இதுவே நேர்வழி. தோக்கியோவின் நகானோ பிராட்வேயில் மண்டராகே போன்ற கடைகள் பிரித்த உருவங்களைத் தனித்தனியாக விற்கின்றன. எல்லாரும் ராஜாவைத் தேடுவதால் சிப்பாய் மலிவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. அங்கிருந்து அஞ்சலில் வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் காயின் விலையைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே பார்சலாகச் சேர்த்து வாங்குங்கள்.

பழையதை வாங்கும்போது தொட்டுப் பாருங்கள், அல்லது விற்பவரிடம் கேளுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் வெளியே கசிகிறது என்று பொருள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினால் போகும். காற்றோட்டமில்லாத பெட்டியில் பூட்டி வைத்தால் திரும்ப வரும். நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றும் உண்டு: மெல்லிய கணுக்காலில் நிற்கும் ரோபோ மெல்லச் சாயும். தடித்த கால்களோடு பீடத்தில் அகலமாக ஊன்றி நிற்கும் காயாகப் பார்த்து எடுங்கள்.