எல்பே நதிக்கரைப் பாறைக் கோட்டைகள்

ஜெர்மனி தேசத்தின் கிழக்கெல்லையில், டிரெஸ்டன் நகரத்திற்குத் தென்கிழக்கே, எல்பே நதி மணற்கல் மலைகளை ஊடறுத்துக்கொண்டு வருகின்ற காட்டுப் பிரதேசம் ஒன்று உண்டு. அதனைச் சாக்சனியின் சுவிட்சர்லாந்து என்று வழங்குவர். பனிமலை அங்கு ஒன்றேனும் இல்லை. 1766ஆம் ஆண்டில் டிரெஸ்டன் ஓவியக் கழகத்திற்கு ஆசிரியராக வந்த அட்ரியன் சிங், அன்டன் கிராஃப் என்னும் சுவிஸ் ஓவியர் இருவர் தம் தாய்நாட்டை நினைத்து இட்ட பெயர் இது என்பர். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்ற சீகன்பால்கு ஐயர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூர் இதற்கு வடக்கே ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ளது என்பதையும் நம் கல்லூரி வாசகர் அறிதல் நலம்.

கோட்டை என்றவுடன் மதிலும் அகழியும் கொத்தளமும் நம் மனக்கண்முன் தோன்றும். அவ்வெண்ணத்தோடுதான் யாமும், நண்பர் சிலராகச் சேர்ந்து, ராத்தன் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து காட்டுப் படிகளில் ஏறினோம். மேலே ஏழு வளைவுகளையுடைய கற்பாலம் ஒன்று, ஏறக்குறைய 250 அடி நீளத்திற்கு, பாறைப் பிளவின்மேல் செல்கின்றது. 1826ஆம் ஆண்டில் அமைத்த மரப்பாலத்திற்குப் பதிலாக 1851ஆம் ஆண்டில் இதனைக் கட்டினர். பாலத்தின் ஒரு புறத்தில், நதிக்கு 635 அடி உயரத்தில், கொத்தளம் என்னும் பொருளுடைய பாஸ்தைப் பாறை நிற்கின்றது. மற்றொரு புறத்தில் உள்ளது நொய்ராத்தன் கோட்டை. கட்டணம் செலுத்தி உள்ளே சென்றோம். பாறைத் தூண்களையும், அவற்றை இணைக்கும் இரும்பு நடைபாதைகளையும், காலின்கீழ் ஆழ்ந்து கிடக்கும் வெளியையுமே கண்டோம். எம்முள் ஒருவர், “கோட்டை எங்கே ஐயா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. அக்கோட்டையின் பெரும்பகுதி மரத்தால் ஆனது. பாறைகளே அதற்கு மதில். பாறைகளுக்கு இடையிலுள்ள பிளவுகளில் உத்திரங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் அறைகளும் காவல் நடைகளும் அமைத்திருந்தனர். பொஹீமியப் பிரபுக்களிடமிருந்து சாக்சனியர் கைக்கு மாறி, 15ஆம் நூற்றாண்டிற்குப் பின் அது பாழடைந்தது. மரம் முழுவதும் மறைந்துபோயிற்று. எனினும் மரத்தைப் பொருத்துவதற்காகக் கல்லில் வெட்டிய குழிகளும் படிகளும் வரிப்பள்ளங்களும் இன்றும் உள்ளன. இல்லாத கோட்டையை அவற்றைக் கொண்டுதான் படித்தறிய வேண்டும்.

இப்படிப்பில் யாம் முதலில் தவறினோம். பாறை முகமெங்கும் தேன்கூடு போன்று நெருங்கிய துளைகளைக் கண்டு, “எத்தனை உத்திரங்கள்!” என்று வியந்தோம். அவை மனிதர் செய்தவை அல்ல. மணற்கல்லினுள் ஊறும் நீரில் படிகாரம் முதலிய உப்புக்கள் கரைந்துள்ளன. நீர் வெளிமுகத்தில் உலரும்போது உப்பு படிகமாகி விரிந்து, மணற்பொடிகளைச் சிறிது சிறிதாகத் தள்ளிவிடுகின்றது. அவ்வாறு உண்டாகும் துளை வட்டமாகவோ ஒழுங்கற்றதாகவோ இருக்கும். அதன் அடி குழிந்திருக்கும். மனிதன் வெட்டிய குழியோ சதுரமானது, அடி சமமானது. ஒரு குழியைக் கண்டால் அதே மட்டத்தில் எதிர்ப்பாறையிலும் அதன் இணையைத் தேடவேண்டும். இணை அகப்பட்டால் அங்கே ஒரு தளம் இருந்தது என்று துணியலாம். சாய்வாக ஓடும் வரிப்பள்ளம் கூரை பாறையோடு சேர்ந்த இடத்தைக் காட்டும். இவ்வாறு அரைமணி நேரம் பார்த்தபின், வெறும் வெளியாகத் தோன்றிய இடத்தில் மாடியும் படிக்கட்டும் எமக்குத் தெரியலாயின. மலையுச்சியில் ஊற்று இல்லாமையால் மழைநீரைத் தேக்கக் குடைந்த தொட்டியும் அங்குள்ளது. நீரில்லாத அரண் எத்தனை நாள் நிற்கும்?

இத்தகைய வேலைக்கு இடங்கொடுத்தது அக்கல்லின் மென்மை. ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் மணல் சுமார் 2,000 அடி கனத்திற்குப் படிந்து கல்லாயிற்று. பின் நிலம் உயர்ந்தபோது அது நெடுக்கில் பிளந்தது. படிவ வரிகளோ கிடையாக உள்ளன. ஆதலால் அப்பாறைகள் அடுக்கிவைத்த பெட்டிகளைப்போல் காணப்படுகின்றன. பிளவுகளை நீர் அகலமாக்கியது. கோட்டை கட்டியோர் அவற்றையே தெருக்களாகக் கொண்டனர்.

கிழக்கே வில்டன்ஸ்டைன் என்னும் மற்றொரு பாழ்க்கோட்டையில் இயற்கையின் பங்கு இன்னும் பெரிது. அங்கே பாறையின் ஊடே 36 அடி உயரமுள்ள வாயில் ஒன்று தானே உண்டாகியிருக்கின்றது. அதற்கு மாட்டுத் தொழுவம் என்று பெயர். முப்பதாண்டுப் போரின்போது (1618–1648) கிராமத்தார் தம் மாடுகளை அங்கே மறைத்தனர் என்பது ஒரு கதை. கோட்டையிலிருந்த கள்ளர் கவர்ந்த மாடுகளைக் கட்டிய இடம் என்பது மற்றொன்று. இரண்டாவதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. எனினும் வழக்குத் தீர்க்க யாம் நீதிபதிகள் அல்லோம். உச்சிக்குச் செல்லும் பிளவுப் படிகளுக்கு வானேணி என்று பெயரிட்டுள்ளனர். பருத்த உடலினர் பக்கவாட்டில்தான் ஏற இயலும்.

அங்குள்ள காடும் விந்தையானது. மலையேற ஏறக் குளிர் மிகுதல் பொதுவழக்கு. இங்கோ வெயில் நுழையாத பள்ளங்களின் அடியே நிலவறைபோல் குளிர்ந்திருக்கும். ஆகவே குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் கீழேயும், வெப்பத்தையும் வறட்சியையும் பொறுக்கும் பைன் மரங்கள் மேலேயும் வளர்கின்றன. வருமானத்திற்காக முன்னோர் நட்ட ஸ்புரூஸ் மரங்கள் 2018 முதல் வந்த வறட்சியாலும் பட்டை வண்டுகளாலும் பெருவாரியாகப் பட்டுப்போயின. 2022ஆம் ஆண்டு ஜூலையில் பொஹீமியப் பக்கத்தில் பற்றிய தீ எல்லை கடந்து இப்பக்கமும் பரவிற்று. பட்ட மரங்களினிடையே இளம் பூர்ச்ச மரங்கள் முளைத்திருக்கக் கண்டோம்.

யாம் சென்றதற்கு முந்திய இரவில் மழை பெய்திருந்தது. ஈரமான மணற்கல் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கும். ஆதலின் பாறை உலரும்வரை அதன்மேல் ஏறலாகாது என்பது அந்நாட்டு ஏறுவோரின் விதி. நண்பர் ஒருவர் உத்திரக் குழியொன்றின் விளிம்பை விரலால் தடவினார். மஞ்சள் மணல் கையோடு வந்தது. நூறு பேர் தடவினால் சதுரம் வட்டமாகும். பின்பு வருவோர் அதனையும் உப்பின் வேலை என்றே எண்ணுவர். அவர் நாணிக் கையை எடுத்துக்கொண்டார்.

இக்காரணத்தால் அங்குள்ளோர் பலவற்றை விலக்கியுள்ளனர். 140 அடி உயரமுள்ள பார்பரீன் என்னும் ஊசிப்பாறையில் 1905ஆம் ஆண்டில் முதன்முதல் ஏறினர். 1975 முதல் ஏறுதல் தடை. எல்லைக்கு அப்பால் பொஹீமியாவில் 87 அடி அகலமுள்ள பெரிய கல்வாயிலின்மேல் நடப்பதை 1982ஆம் ஆண்டில் நிறுத்தினர். பாஸ்தைப் பாறையின் முனையும் தளர்ந்துபோனமையால், அதனைத் தொடாமல் அதன்மேல் மிதப்பதுபோல் நீட்டிய புதிய காட்சிமேடையை 2023ஆம் ஆண்டில் திறந்தனர். அம்மேடையில் நின்றே யாம் நதியைக் கண்டோம்.

மாலையில் ராத்தன் துறைக்கு இறங்கினோம். புகைவண்டி நிலையம் அக்கரையில் உள்ளது. ஓடத்திற்கு இயந்திரம் இல்லை, துடுப்பும் இல்லை. ஆற்றின் மேற்புறத்தில் நங்கூரமிட்ட நீண்ட கம்பியில் அதனைக் கட்டியுள்ளனர். ஓடக்காரர் அதனைச் சற்றே சாய்த்துப் பிடிக்க, நதியின் ஓட்டமே எம்மைக் கரை சேர்த்தது.