ஔவையும் ஒளவையும்: தமிழ்க் கணினிக் கருவிகளும் மின்பாடத் திரிபும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் மின்பாடங்களுள் பல, தனிமனிதர் தம் ஓய்வுநேரத்தில் ஆக்கிய எழுத்துருக்கள், குறியேற்றமாற்றிகள் ஆகியவற்றின் வழியே வந்தவை. அவ்வழியில் ஔகாரம் அடைந்த திரிபைச் சான்றாகக் கொண்டு, கருவிகளின் வரலாறு பாட ஆய்வுக்கு இன்றியமையாததாகும் இடத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்பாடம், எழுத்துரு, குறியேற்றம், ஒருங்குறி, ஔகாரம், பாடவேறுபாடு.

முன்னுரை

ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் ஏடெழுதியவரின் கைப்போக்கை முதற்கண் அறிய முயல்வார். ஏட்டில் மெய்க்குப் புள்ளியில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. இவ்வறிவின்றிச் சுவடியை எவரும் படியெடுப்பதில்லை. மின்பாடத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளரோ அதனை ஆக்கிய கருவி யாது, எக்குறியேற்றத்திலிருந்து அது மாற்றப்பட்டது என்னும் வினாக்களைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

ஓய்வுநேர உழைப்பு

தமிழைக் கணினிக்குக் கொணர்ந்தோருள் பலர் அதனை ஊதியத்திற்குரிய பணியாகச் செய்தவரல்லர். மலேசியப் பொறியாளர் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறைமையை அமைத்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பின்னணியிலும் அவரே நின்றார். வேதியியலாளர் ஒருவரின் மாலைப்பொழுதுகள் இல்லையெனில் இன்றைய ஆய்வேடுகள் பலவற்றின் மேற்கோள்கள் கையால் படியெடுக்கப்பட்டிருக்கும்.

தனிமுயற்சியின் விலை ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் தமிழ் வரிவடிவங்களைத் தாம் தேர்ந்த இடங்களில் வைத்தனர். ஓர் எழுத்துருவில் தட்டிய கட்டுரை மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு இச்சிக்கலை நேர்முகமாக எதிர்கொண்டது. மின்னஞ்சல்வழி நடந்த உரையாடல்களில் திஸ்கி குறியேற்றம் உருப்பெற்றது. 1999இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தாம், தாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒரு தரத்தை நாடிய முயற்சி இரு குறியேற்றங்களில் முடிந்தது நோக்கத்தக்கது. 2000இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. ஒருங்குறியின் பரவலால் முந்தைய குறியேற்றங்கள் மெல்ல வழக்கொழிந்தன; அவற்றில் எழுதப்பட்ட பாடங்கள் ஒழியவில்லை.

ஔகாரத் திரிபு

தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரத்திற்குத் தனி விசை இல்லை. ஒகரத்தை அடுத்து ளகரத்தை அடித்தனர். உயிர்மெய்யாயின் ஒற்றைக்கொம்பு, மெய், ளகரம் என அடித்தனர். தாளில் இது குறையன்று. கண் அதனை ஔகாரமாகவே கொண்டது. இதே பழக்கம் கணினிக்கும் வந்தது. பழைய எழுத்துருக்கள் வரிவடிவத்தையே குறியிட்டமையால் திரையிலும் வேறுபாடு தெரியவில்லை.

ஒருங்குறி வரிவடிவத்தை விடுத்து எழுத்தைக் குறியிடுவது. அதில் ‘ஔ’ ஓரெழுத்து, ‘ஒள’ ஈரெழுத்து. கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு எழுதிய ‘கொ’வையும் ஒரே குறியாக எழுதிய ‘கொ’வையும் நிகரெனக் கொள்ளும் விதி ஒருங்குறியில் உண்டு. ‘கௌ’ என்பதற்கும் ‘கெள’ என்பதற்கும் அத்தகைய விதி இல்லை. இருத்தலும் இயலாது, ளகரம் தன்னளவில் ஓர் எழுத்தாதலின். ஆகவே மாற்றியின் வழியே வந்த பாடத்தில் ‘ஒளவை’, ‘கெளரவம்’, ‘பெளர்ணமி’ என்பன தங்கிவிட்டன.

இது வெறும் எழுத்துப்பிழை அன்று. ‘ஔவை’ எனத் தேடுபவர்க்கு ‘ஒளவை’ கிட்டாது. அகரவரிசையில் அச்சொல் ஒகரத்தின்கீழ் அமையும். தொடரடைவில் ஔகார முதற்சொற்கள் குறையும். யாப்பில் விளைவு இன்னும் கடுமையானது. ஔவை என்பது நேர் நேர், தேமா. ஒளவை என்பதை எழுத்தெண்ணி அலகிடின் ‘ஒள’ நிரையாகும், சீர் புளிமாவாகும். வினோத் ராஜனின் அவலோகிதம் போன்று யாப்பைக் கணினிவழி ஆராயும் கருவிகள் இன்று உள்ளன. எந்த நிரலாயினும் உள்ளீட்டை முன்னரே திருத்தாவிடில் குறியீட்டையே காணும். புலவன் செய்யாத தளைப்பிழையைப் புலவன்மேல் ஏற்றும். ஔகாரத்திற்கு ‘அவ்’ போலியாதலை இலக்கணம் ஏற்கும்; ‘அவ்வை’ என்பது அவ்வழி வந்த வழக்கு. ‘ஒளவை’ எந்த இலக்கணத்திலும் இல்லாத, பொறி ஈன்ற பாடவேறுபாடு.

விதியும் விலக்கும்

கொம்புடைய மெய்யை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ பெறாத ளகரம் வரின் அதனை ஔகாரமாக மாற்றுக என விதி வகுப்பது நிரலாளர்க்கு எளிது. தெளிவு, வெள்ளம் ஆகிய சொற்கள் இவ்விதியில் சிக்கமாட்டா. செவ்விலக்கியப் பாடத்திற்கு இது பெரும்பாலும் பொருந்தும். வட்டார வழக்குப் புனைவுகளில்தான் இடர் தோன்றுகிறது. ‘கெளம்பு’, ‘வெளக்கு’ எனப் பேச்சொலியைப் பதிவுசெய்யும் இடங்களில் அவ்விதி ‘கௌம்பு’, ‘வௌக்கு’ என ஆக்கிவிடும். ஒகரத்திற்கும் அதே விதியை நீட்டின் ‘ஒளறு’ என்பது ‘ஔறு’ ஆகும். ஒரு திரிபைக் களையப் புகுந்த கருவி மற்றொரு திரிபை விதைக்கிறது. அதுவும் ஒலிவழக்கை ஆராய்பவர் நம்பியெடுக்கும் சான்றிலேயே.

இதனைத் தீர்க்க வல்லது சொற்பட்டியல்; விதியன்று. அப்பட்டியலை நிரலாளர் தனித்து ஆக்க இயலாது. ஔகாரச் சொற்கள் எண்ணிக்கையில் சிலவே. அகராதியிலிருந்து அவற்றைத் தொகுத்து, வட்டார வழக்கு அகராதிகளோடு ஒப்புநோக்கி, ஐயமுள்ளவற்றைத் தனியே குறித்துத் தருதல் தமிழ்த்துறை முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டளவில் அடங்கும் பணி. அதுவரை மின்பாடத்தைச் சான்றாகக் கொள்வோர் ஈருருவத்தாலும் தேடுதலும், பாடம் எக்குறியேற்றத்திலிருந்து வந்தது என்பதனை ஆய்வேட்டின் முன்னுரையிலேயே குறித்தலும் வேண்டும். பழைய எழுத்துருவில் மட்டும் எஞ்சியுள்ள ஆய்வேடுகளை மாற்றும்போது மூலக்கோப்பை அழிக்காது வைத்தல் அதனினும் முதன்மையானது. ‘கெளம்பு’ ஆசிரியர் எழுதியதா, மாற்றி எழுதியதா என்று சொல்லவல்ல சான்று அதுவொன்றே.