பளியரைக் கேட்டார்களா?

கேள்வி: கொடைக்கானல் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பளியர் பழங்குடியினரின் பொருள்களைப் பார்த்தேன். எதை, எப்படி வைப்பது என்று அந்த மக்களிடம் கேட்பது வழக்கமா?
– வாசகி, வத்தலக்குண்டு

பதில்: கேட்பதுதான் முறை. ஆனால் அந்த எண்ணம் வேரூன்றியது அண்மையில்தான். செண்பகனூர் அருங்காட்சியகம் தொடங்கியது 1895இல். அக்காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர். அளந்தவர் பெயர் நிலைத்தது. அளக்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பது பெரும்பாலும் அவர் வாயால் பதிவாகவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

இன்று நிலைமை மாறிவருகிறது. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டம், முன்னோர் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் பூர்வகுடிகளிடம் திருப்பித் தர வழிசெய்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. அங்குள்ள நாகா முன்னோர் எச்சங்கள் குறித்து நாகா மக்களே பேசிவருகிறார்கள். நம் நாட்டிலேயே, போபாலின் தேசிய மனித அருங்காட்சியகத்தில் பழங்குடியினர் நேரில் வந்து தங்கள் வீடுகளைத் தங்கள் முறைப்படி கட்டினார்கள்.

பளியரின் கிழங்கு தோண்டும் கோலைக் கண்ணாடிக்குள் வைப்பது எளிது. எந்த மாதம் தோண்டலாம், எதைத் தொடாமல் விடவேண்டும், தேனெடுக்கப் பாறையில் இறங்குமுன் யாரை வணங்குவது? இதெல்லாம் பளியர் வாயால் வரவேண்டியவை. அவர்கள் பழங்கதை அல்லர்; சிறுமலையிலும் பழனி மலையிலும் இன்றும் வாழ்கிறார்கள்.

அடுத்தமுறை எந்த அருங்காட்சியகம் போனாலும், விளக்கப் பலகையை யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று கேளுங்கள், சகோதரி.