டெசல் முதுமாணி படிக்கப் போறீங்களா? காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கிலீஷ் படிப்பிக்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, உங்களுக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவில் திருத்த வேண்டிய கொப்பிகள். அந்தக் களைப்பிலேயே பேப்பரில் ‘மாஸ்டர்ஸ்’ என்று கண்டவுடன் முற்பணம் கட்டிவிட்டு, பாதி வழியில் “இது நான் நினைத்த படிப்பு இல்லை அக்கா” என்று வந்து நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் பொறுங்கோ.

1. எதற்குப் படிக்கிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கோ. அரச பள்ளிக்கூடத்தில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறீர்களா? அப்படியென்றால் பட்டப்பின் கல்வி டிப்ளோமாதான் உங்கள் தொழில் தகைமை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், திறந்த பல்கலைக்கழகம், மகரகம தேசிய கல்வி நிறுவகம் மூன்றிலும் அது உண்டு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிப்பது பற்றிய டெசல் (TESL) முதுமாணி அதற்கு மாற்று இல்லை. வெளிநாட்டு மொழிப் பள்ளியில் வேலை எடுக்க நினைத்தால் அங்கே கேட்பது பெரும்பாலும் செல்டா (CELTA) சான்றிதழ். அது 120 மணித்தியாலப் பயிற்சி. ஆறு மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் முதுமாணி அல்ல. இரண்டையும் குழப்பாதேங்கோ.

2. பட்டத்தின் பெயரைப் பார்க்காதேங்கோ, நிலையைப் பாருங்கோ. எஸ்.எல்.கியூ.எஃப் என்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் நிலை. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் நிலை, 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் நிலை, 60 கிரெடிட். வெளியில் எல்லாவற்றையும் ‘மாஸ்டர்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியிலோ கலாநிதிப் பட்டத்திலோ கண் இருந்தால் 10ஆம் நிலைக்குக் குறைந்ததைத் தொடாதேங்கோ. வாயால் சொன்னதை நம்ப வேண்டாம், பாடநெறிக் கைநூலில் நிலை அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கோ. தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று வோட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கோ.

3. போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கோ. திறந்த பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் ஆங்கில நிறுவகத்தில் டெசல் முதுமாணி படிக்கலாம். நாவலயில் உள்ள அந்தப் பல்கலைக்கழக வாசலுக்கு 176 பஸ் போகும். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அது நேர் பஸ். வெள்ளவத்தைக்காரர் தெஹிவளைச் சந்திக்குப் போய் ஏறினால் சரி. வேலை செய்பவர்களுக்கான வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வரும். உங்கள் ரியூசன் வருமானமும் அதே சனி, ஞாயிறில்தான். எந்த வகுப்பை விடுவது என்று சேர முதலே வீட்டில் பேசி முடியுங்கோ.

4. எல்லாவற்றையும் வாசிக்க வெளிக்கிடாதேங்கோ. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம், ஆய்வுமுறை, முடிவு மூன்றையும் முதலில் பாருங்கோ. தேவையென்றால் மட்டும் நடுவுக்குப் போங்கோ. ஜேஸ்டோர் இணையத்தளத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை வாசிக்கலாம். ஸொட்டேரோ மென்பொருளை முதல் கிழமையே கணினியில் போடுங்கோ, உசாத்துணைப் பட்டியலை அது பார்த்துக்கொள்ளும். வீட்டில் சத்தம் என்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

5. ஆய்வுத் தலைப்பில்தான் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ‘இலங்கையில் ஆங்கிலக் கல்வியின் பிரச்சினைகள்’ என்று எழுதிக்கொண்டு வராதேங்கோ. அது ஒரு ஆயுள் வேலை. உங்கள் வகுப்பைப் பாருங்கோ. தமிழில் ஆங்கிலத்தின் ‘த’, ‘அன்’ மாதிரி ஆர்ட்டிகிள்கள் இல்லாததால் 9ஆம் வகுப்புப் பிள்ளை கட்டுரையில் எங்கெங்கே அவற்றை விடுகிறது? கொட்டாஞ்சேனைப் பிள்ளை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுகிற வகுப்பில் ரீச்சர் எந்த நேரத்தில் தமிழுக்கு மாறுகிறார்? இவை ஆய்வுகள்.

சுரேஷ் கனகராஜாவை வாசியாமல் தலைப்பு எடுக்கவே எடுக்காதேங்கோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் தன் மாணவர்கள் கிறுக்கி வைத்தவற்றைக்கூட ஆராய்ந்து, அவர்கள் ஆங்கிலத்தை எப்படி எதிர்த்தார்கள், எப்படித் தமதாக்கினார்கள் என்று எழுதினார். 1999இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட அந்த நூலை உலகம் முழுக்க டெசல் படிப்பவர்கள் வாசிக்கிறார்கள். நம்முடைய வகுப்பறை ஆய்வுக்குச் சின்ன இடம் என்று இனி ஒருவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

6. அனுமதியைக் கடைசிக்கு வைக்காதேங்கோ. அதிபர், வலயக் கல்விப் பணிமனை, பெற்றோர் மூன்று தரப்பின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக் காலத்திலும் டிசம்பர் விடுமுறையிலும் தரவு எடுக்கப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

7. ஒப்படையை ஏஐயிடம் எழுதக் கொடுக்காதேங்கோ. பிள்ளைகளின் எழுத்தைத் திருத்துகிறவர் நீங்கள். உங்கள் எழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாமா?

8. மேற்பார்வையாளரிடம் ‘எல்லாம் எழுதிவிட்டு வருகிறேன்’ என்று ஒளிக்காதேங்கோ. மாதம் ஒருமுறை இரண்டு பக்கமாவது கொண்டுபோங்கோ. பிழை சின்னதாக இருக்கும்போதே பிடிபடும்.

ஆய்வு முடிந்தபிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கண்டறிந்ததை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, உங்களுக்கு வகுப்பைத் திறந்துவிட்ட ரீச்சர்மாருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கோ. அவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள்தான்.