வானிலிருந்து தென்னையின் நோயறிதல்

தென்னையைத் தாக்கும் வேர் வாடல் நோய் மரத்தை உடனே சாய்த்துவிடுவதில்லை. ஓலைகள் தொய்ந்து உள்நோக்கி வளையும். காய்ப்பு ஆண்டுதோறும் குறையும். உடையவரின் வருவாயும் தேயும். கேரளத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே, அது எவ்வளவு தூரம் பரவியுள்ளது என அறிவது இன்றியமையாதது. ஆனால், மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பது எளிதன்று.

1970-ஆம் ஆண்டில் விஞ்ஞானி பி. ஆர். பிஷாரடியின் தலைமையில் கேரளத்தில் ஒரு புதிய வழி சோதிக்கப்பட்டது. ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் பிலிமில் தென்னந்தோப்புகளைப் படமெடுத்தனர். இவ்வொளி நம் கண்ணுக்குப் புலப்படாது. நலமுள்ள ஓலை இதனை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், படத்தில் நன்கு சிவந்து தோன்றும். நோயுற்ற ஓலையில் அச்சிவப்பு மங்கிவிடும். இந்தியாவின் தொலையுணர்வுப் பணி இவ்வாறு தென்னந்தோப்பிலே தொடங்கிற்று.

1972-இல் அமெரிக்கா லாண்ட்சாட் வரிசையின் முதற் செயற்கைக்கோளை ஏவிற்று. அது ஒரே நிலப்பகுதியை 18 நாட்களுக்கு ஒருமுறை படமெடுத்தது. பரந்த வயல்களும் காடுகளும் அதில் தெரிந்தன, தனிமரம் தெரியவில்லை. 1988-இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் ஏறிற்று.

ஆயினும், படம் ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. நீர்க்குறைவாலும் ஓலையின் நிறம் மாறக்கூடும். மரத்தடிக்குச் சென்றே நோயை உறுதி செய்தல் வேண்டும். கணக்கெடுப்போர் ஊருக்கு வருங்கால், எத்தோப்பில் எவ்வாண்டு முதல் காய்ப்புக் குறைந்தது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெளிவாக எடுத்துரைப்பார்களாக. வானத்துப் படத்தின் பொருள் அப்போதுதான் விளங்கும்.