மணலில் ஜீப்பை இறக்கும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாலைந்து ஜீப், பதினைந்து இருபது நண்பர்கள், ஐந்தாறு நாள். செஞ்சியில் கிளம்பி திண்டிவனம் வழியாக மரக்காணம். அங்கிருந்து கடலை ஒட்டியே தெற்கே வேதாரண்யம், கோடியக்கரை, தனுஷ்கோடி. கடைசியில் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி. பாலையும் கடலும் பார்க்க ராஜஸ்தானுக்கோ ஓமனுக்கோ போக வேண்டியதில்லை, தமிழ்நாட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம் என்ற ஆசையில் போடும் திட்டம் இது.

ஆசையில் தப்பில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகள்தான் தப்பு. சில நம்பிக்கைகள் வண்டியைப் புதைக்கும், சில ஆளைச் சாய்க்கும், சில அந்த மண்ணை நம்பிப் பிழைக்கிறவர்களின் வயிற்றில் அடிக்கும். ஆள் நடமாட்டம் கண்ணில் படாத நிலத்தைச் ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று நினைப்பதில்தான் இவை எல்லாம் தொடங்குகின்றன.

நம்பிக்கை 1: செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள பாறைக்காட்டில் ஓட்டிப் பழகிக்கொள்ளலாம்.

உண்மை: அது பழகும் இடமே இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை இது. மதிலும் அகழியும் அடிவாரத்தில் வெகுதூரம் ஓடுகின்றன. புதருக்குள் கிடக்கும் வெறும் கற்குவியல் என்று தோன்றுவது சரிந்த மதிலாக இருக்கலாம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தக் கோட்டை, 2025 ஜூலையில் மராத்தியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். பழக வேண்டுமானால் அறுவடை முடிந்த வயல் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு அங்கே பழகுங்கள்.

நம்பிக்கை 2: செஞ்சி வெயிலில் வளர்ந்தவனைக் கடற்கரை வெயில் என்ன செய்யும்?

உண்மை: இரண்டும் வேறு வேறு வெயில். செஞ்சியில் பாறை கொதிக்கும், ஆனால் காற்றில் ஈரம் குறைவு. வியர்த்த மாத்திரத்தில் காய்ந்துவிடும், காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை வழியுமே தவிர எளிதில் காயாது. முகத்தில் காற்று சுகமாகப் படுவதால் உள்ளே சூடு ஏறுவதும் தெரியாது. புதிய வெக்கைக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஐந்து நாள் பயணத்தில் அதற்கு வழியில்லை.

புதைந்த வண்டியை மண்வாரியால் தோண்டி எடுக்கிறவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர், கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் என்று கணக்குப் போட்டு ஏற்றுங்கள். ஒருவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; 108ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இந்தப் பாடத்தை நம் ஊர்க் கோட்டையே சொல்லும். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்ததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, மலைமேல் இருந்த சுனைகளும் களஞ்சியமும். வீரம் இருந்தாலும் தண்ணீர் இருக்கும் வரைதான் நிற்க முடியும்.

நம்பிக்கை 3: மரக்காணத்துக் கழுவெளி காய்ந்து வெள்ளையாகக் கிடந்தால் தாராளமாக ஓட்டலாம்.

உண்மை: அந்த வெள்ளை ஒரு மெல்லிய உப்புப் பொருக்கு, அவ்வளவுதான். குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். பொருக்கு உடைந்து, கீழே கறுத்த சேறு கையளவு ஆழத்திலேயே தென்படும். ஒன்றரை டன் வண்டி ஏறினால் அச்சு வரை இறங்கிவிடும். இழுக்க வரும் இரண்டாவது வண்டியும் பக்கத்திலேயே இறங்கும்.

பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி கழுவெளி. மழைக்குப் பிறகு நன்னீரும் கடலிலிருந்து ஏறி வரும் உப்புநீரும் இங்கே கலக்கின்றன. வலசை வரும் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. 2021 டிசம்பரில் இதன் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம்.

பக்கத்து உப்பளங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பாத்தி வரப்புகள் மண்ணை மிதித்து மிதித்துக் கட்டியவை. ஒரு சக்கரம் ஏறினால் வரப்பு உடையும், சேறு கலங்கிப் பாத்தியில் இறங்கும், விளைந்த உப்பு வீணாகும். நமக்கு அது ஐந்து நிமிட விளையாட்டு, உப்பு வாருகிறவருக்கோ பல நாள் உழைப்பு.

நம்பிக்கை 4: ராத்திரியில் கடற்கரையில் ஓட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை.

உண்மை: பெரிய தொந்தரவு ராத்திரியில்தான். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இருட்டில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. மூடிய குழி நம் கண்ணுக்குத் தெரியாது. 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வண்டி போன மணல் இறுகிவிட்டால் அவற்றால் மேலே வர முடியாது.

அப்படியே வந்தாலும் டயர் தடம் இருக்கிறது. நம் உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு நாலு விரல் ஆழத் தடம் ஒரு மதில். அதில் விழுந்த குஞ்சு கடலைப் பார்த்துப் போக முடியாமல் தடத்தோடு நீளவாக்கில் ஊர்ந்துகொண்டே இருக்கும். விடிந்தால் காக்கை, நாய், நண்டு எதற்காவது இரையாகும். முகப்பு விளக்கின் வெளிச்சமும் அதைக் கடலிலிருந்து திசை திருப்பும். சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ராத்திரி ராத்திரியாக நடந்து இந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். அவர்கள் நடந்து செய்யும் வேலையை ஒரு ஜீப் ஒரே ஓட்டத்தில் கெடுத்துவிடும்.

கடலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். ஆமை முட்டையிடும் கரை, மணல்மேடு, சதுப்பு ஆகியவை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிகக் கடுமையான பிரிவுக்குள் வருகின்றன. பகலிலும் கரை காலியாக இருப்பதில்லை. வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, கரைவலை இழுக்கிறார்கள். அது மீனவர்களின் வேலைக்களம்.

நம்பிக்கை 5: தனுஷ்கோடிக்கு மணலில் ஓட்டித்தான் போக முடியும்.

உண்மை: அது பழைய கதை. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு நெடுங்காலம் வேன்களும் ஜீப்புகளும்தான் மணலில் ஆட்களை ஏற்றிப் போயின. 2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. ரோட்டை விட்டு இறங்க எந்த அவசியமும் இல்லை. பூநாரைகள் வந்து மேயும் தனுஷ்கோடிப் பகுதி நீர்ப்பரப்பைத் தமிழக அரசு 2025இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

நம்பிக்கை 6: தேரி ஒரு குட்டிப் பாலைவனம், அங்கே ஒன்றும் இல்லை.

உண்மை: பார்வைக்குப் பாலை, தட்பவெப்பத்தில் பாலை இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்யும் நிலத்தைத்தான் பாலைவனம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஜெய்சல்மேர் அந்தக் கணக்குக்குள் வரும். தூத்துக்குடிப் பக்கம், பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையால், ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. மணலின் சிவப்பு, மணிகளின் மேல் படிந்த இரும்புத் துருவால் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் ஆடிக் காற்று, மேற்கேயிருந்து மண்ணை வாரிக் கொண்டுவந்து கரையோரம் குவிக்கிறது.

மழைநீரை உறிஞ்சி நிலத்தடியில் சேர்த்து வைப்பதும் இந்த மணல்தான். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் போய்ப் பார்த்தால் இது புரியும். பனை, உடைமரம், முந்திரி எல்லாம் இதில்தான் நிற்கின்றன. கற்கால மனிதர்கள் விட்டுப்போன சின்னஞ்சிறு கல் கருவிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. வேர்பிடித்த புல்லையும் செடியையும் டயர் பிய்த்தெறிந்தால் மணல் மறுபடி காற்றில் நகர ஆரம்பிக்கும், பக்கத்துத் தோட்டத்தை மூடும். தேரியின் ஊடே ரோடு போகிறது. ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

நம்பிக்கை 7: ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மணலில் மாட்டாது.

உண்மை: நில உரிமையாளர் அனுமதித்த மணல் தடத்தில் ஓட்டும்போதும் வண்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் டயர் காற்றுதான். ரோட்டுக்கு வைக்கும் 30, 35 பி.எஸ்.ஐ.யை 15 முதல் 18க்குக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து பாரத்தைப் பரப்பும். மிகவும் குறைத்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். மணலில் பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு கட்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வண்டி தானாக நிற்கும். சக்கரம் சுழல ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள், மேலும் மிதித்தால் அச்சு வரை இறங்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

கயிறு கட்டி இழுக்க, சேசிஸில் அதற்கென்று உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் பிய்த்துக்கொண்டு வரும் இரும்பு ஆளைக் கொல்லும். இழுக்கும்போது கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. தார் ரோட்டில் ஏறும் முன் கம்ப்ரசரால் காற்றை மறுபடி ஏற்றுங்கள். காற்றிறங்கிய டயரோடு வேகம் எடுத்தால் சூடேறி வெடிக்கும்.

நம்பிக்கை 8: வண்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு.

உண்மை: ஒரே வண்டியாகப் போவது ஆபத்து, சரி. ஆனால் ஒழுங்கில்லாத பத்து வண்டி அதைவிடத் தொல்லை. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் அனுபவமுள்ளவர்கள் வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. திருப்பத்தில் பின்வண்டி கண்ணில் படும் வரை நின்று போக வேண்டும். குடித்தவர் கையில் சாவி போகக் கூடாது. திரும்பிப் போகலாம் என்று ஒருவர் சொன்னாலும் அதைக் கேலி செய்யாத குழுதான் முழுதாக வீடு வந்து சேரும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கடலோரத்தையும் தேரியையும் நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வழியில் உள்ள வனச்சரக அலுவலகங்களுக்குப் பேசி, எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று கேளுங்கள். மீனவ ஊரில் தங்குவதானால் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத் தங்குங்கள். தேரிக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டால், அதற்கப்பால் உள்ளதை நடந்தே பார்க்கலாம்.