செல்போனில் மல்லாட்டை விலை பார்ப்பது எப்படி?



'விழுப்புரம் மணிலா விலை' என்று செல்போனில் தேடினால், பல பக்கங்களில் உள்ளதைச் சுருக்கி இரண்டு வரியில் காட்டுகிறது. திரை சின்னது. விலைதான் பெரிசாகத் தெரியும். மற்ற விவரம் கீழே போய்விடும். அதை மட்டும் நம்பி மூட்டையை விற்கலாமா? முதலில் நான்கு விவரம் பாருங்கள்.

1. தேதி: இன்றைய விலையா, போன மாத விலையா?
2. ஊர்: விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமா, திண்டிவனமா, வேறு ஊரா?
3. சரக்கு: தோலோடு உள்ள காயா, உடைத்த பருப்பா?
4. அளவு: மத்திய அரசின் 'அக்மார்க்நெட்' இணையதளம் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு விலை சொல்கிறது. நம்ம பக்கம் மணிலா மூட்டை 80 கிலோ.

ஒரு கணக்கு போடுவோம். குவிண்டால் ரூ.7,000 என்றால் கிலோ ரூ.70. அப்படியானால் 80 கிலோ மூட்டை ரூ.5,600 தான். ரூ.7,000 மூட்டை விலை என்று நினைத்தால், மூட்டைக்கு ரூ.1,400 தப்புக் கணக்கு! வியாபாரியிடம் வீண் சண்டைதான் மிச்சம்.

அதே இணையதளம் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என மூன்றும் தரும். சுருக்கத்தில் ஒன்றுதான் வரலாம். எனவே சுருக்கத்தோடு நிற்காமல், கீழே உள்ள பக்கத்தைத் தொட்டுத் திறந்து பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு செல்போனை நடுவில் வைத்து, எல்லாரும் சேர்ந்து இந்த நான்கையும் கண்டுபிடியுங்கள்.